ஒருசந்திக் காபி

ஸ்கேன் அறைக்குள் போன என் வீட்டுக்காரர் ஐந்தே நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார். கீழ்வேளூரில் விடியற்காலை பஸ் ஏறி, திருவாரூரில் மாறி, தஞ்சாவூர் வந்து டோக்கன் வாங்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் காத்துக் கிடந்ததற்கு இதுதான் பலன். பின்னாலேயே வந்த நர்ஸ் பெண் என்னைத்தான் முறைத்தாள்.

"காலையில ஐயாவுக்கு என்னம்மா குடுத்தீங்க?"

"ஒண்ணும் குடுக்கலையே. ஒரு டம்ளர் காபிதான்."

"பால் காபியா?"

"ஆமா. ஒருசந்தி இருந்து வரச் சொன்னீங்கன்னுதான் இட்லிகூட அவிக்கலை."

அவளுக்குப் புரியவில்லை. நாங்கள் கிறிஸ்தவர்கள், தவக்காலத்தில் ஒருசந்தி இருப்போம், ஒரு வேளைதான் சாப்பாடு, காலையில் ஒரு காபி குடித்தால் குற்றமில்லை என்று விளக்கினேன். அவள் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான்.

"வெறும் வயிறுன்னா தண்ணி மட்டும்தாம்மா. பால் உள்ள போனா பித்தப்பை சுருங்கிடும். டாக்டர் என்னத்தைப் பார்ப்பாரு? நாளைக்கு வாங்க."

"நாளைக்கு வயலுக்கு அறுப்பு மிஷின் வருது தாயி. இன்னொரு நாள் அலைய எங்களால ஆகாது."

உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தாள். இனிமேல் தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டு இருந்தால் மூன்று மணிக்கு மறுபடி பார்க்கலாமாம். "சீட்டுலயே போட்டுத்தானே குடுத்தோம்" என்று போகிற போக்கில் ஒரு குட்டு வேறு.

அப்போது மணி பத்து. இரும்பு நாற்காலியில் மறுபடி உட்கார்ந்தோம். எனக்கு முட்டி விண்விண் என்று தெறித்தது. இரண்டு மாதமாக இவருக்கு வலது விலாவுக்குக் கீழே வலி. "கல்லாவும் இருக்கலாம், கட்டியாவும் இருக்கலாம்" என்று ஊர் டாக்டர் எழுதிக் கொடுத்த ஸ்கேன் இது. இவருடைய அண்ணன் லியோவுக்கும் இதே இடத்தில்தான் வலித்தது. ஸ்கேனில் கட்டி என்றார்கள். நாலே மாதத்தில் கல்லறைக்குக் கொண்டுபோனோம். அதற்குப் பிறகு மூன்று வருஷமாக எங்கள் வீட்டில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை.

இவர் கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்திருந்தார். சட்டைப் பையில் அந்தச் சீட்டு துருத்திக்கொண்டிருந்தது. உருவிப் பார்த்தேன். 'வெறும் வயிற்றில் வரவும். பால், காபி, டீ கூடாது.' கொட்டை எழுத்து. கீழே பேனாவால் கோடு வேறு.

போன வாரம் தனியாக வந்து நாள் குறித்து, சீட்டை வாங்கிப்போனவர் இவர். ஒருசந்தி என்று என்னிடம் சொன்னவரும் இவர்தான்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கல்யாணமாகி இருபத்தேழு தவக்காலம் ஆயிற்று. ஒவ்வொரு காலையும் நான் காபியை நீட்டுவேன், ஒரு நாள்கூட இவர் தொட்டதில்லை. "காபியைக் குடிச்சிட்டு என்ன ஒருசந்தி?" என்று என்னைக் கேலி பண்ணுகிற மனுஷன். இன்றைக்கு நான் நீட்டியதும் மறுபேச்சில்லாமல் வாங்கி, நின்றபடியே குடித்தார்.

"என்னங்க, தெரிஞ்சேதான் குடிச்சீங்களா?"

அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"அறுப்பு முடியட்டும்னு பார்த்தேன்."

"அறுப்பு முடிஞ்சா உளுந்தைச் சொல்லுவீங்க. அதுவும் முடிஞ்சா?"

"அண்ணன் நடந்துதானே ஸ்கேனுக்குப் போனாரு, விண்ணரசி" என்றார். "அவங்க சொல்ற வரைக்கும் நல்லாத்தான் இருந்தாரு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "நீங்க தெரிஞ்சுக்காம இருந்துடுவீங்க. ராத்திரியில நீங்க விலாவைப் பிடிச்சுக்கிட்டுப் புரள்றதைப் பார்த்துக்கிட்டே படுத்துக் கிடக்கிறேனே, நான் என்ன பண்றது?" என்றேன். எதிர் வரிசையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொஞ்சம் குடித்துவிட்டு, "நீயாவது போய் ரெண்டு இட்லி சாப்பிட்டு வா" என்றார்.

"நானும் ஒருசந்திதான். உங்களை மாதிரி காபி குடிச்ச ஒருசந்தி இல்ல."

மூன்று என்று சொன்னவர்கள் நாலுக்குத்தான் கூப்பிட்டார்கள். "அடைக்கலராஜ்" என்று நர்ஸ் இரண்டு தரம் கத்தியும் இவர் எழுந்திருக்கவில்லை. கையைப் பிடித்துத் தூக்கினேன். கூட வருகிறவர்கள் வெளியே இருக்க வேண்டும் என்றாள். அதெல்லாம் முடியாது என்று நானும் நுழைந்தேன்.

டாக்டர் வயிற்றில் ஜெல்லைத் தடவி, கருவியை வைத்து அழுத்தி, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நகர்த்தினார்.

"கட்டியா டாக்டர்?"

கேட்டது இவர்தான்.

"கட்டி எதுவும் இல்லைங்க. கல்லு. ரெண்டு இருக்கு. ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம்."

துடைத்துக்கொள்ளச் சொல்லி நர்ஸ் காகிதம் கொடுத்தாள். இவர் அதை வாங்கிக் கண்ணில் வைத்துக்கொண்டு எடுக்கவே இல்லை.

"வயித்தைத் துடைக்கக் குடுத்ததுங்க அது" என்று சொல்லிவிட்டு, என் முந்தானையால் நானே துடைத்தேன்.