மூன்றாவது கை

அர்த்தம் வேணுமாம், அர்த்தம்! கடைக்கு வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் நாற்காலியில் உட்காரும் முன்பே அதைத்தான் கேட்கிறார்கள். "சும்மா பூ, பட்டாம்பூச்சியெல்லாம் வேண்டாம்க்கா. நம்ம பரம்பரையைச் சொல்ற மாதிரி, அர்த்தமா ஏதாவது போடுங்க." பரம்பரை என்ன, பொட்டலம் கட்டி அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிற சாமானா, எடுத்து நீட்டுவதற்கு? அவளும் முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டிக்கொண்டு ஆல்பத்தைப் புரட்டுவாள். பழைய நாணயம், கல்லில் வெட்டிய எழுத்து, பாய் ஓரத்துப் பின்னல் என்று ஒவ்வொன்றாகக் காட்டுவாள். கடைசியில் அவர்கள் போனில் கொண்டுவந்த ஏதோ ஒரு சிங்கத்தைப் போட்டுக்கொண்டு போவார்கள்.

பச்சை குத்துகிற தொழிலுக்கு அவள் வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. கடை என்பது தையல் கடைக்கு மேலே, ஒருத்தர் இறங்கினால் இன்னொருத்தர் ஏற முடியாத படிக்கட்டின் உச்சியில் இருக்கும் ரெண்டு அறை. கீழே இருக்கிற தையல்காரர் அவளை 'ஊசி' என்றுதான் கூப்பிடுவார். "நான் குத்தினா துணி வாயைத் திறக்கிறதில்லை. நீ குத்தினா தெருவுக்கே கேக்குது" என்பார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

யார் வந்தாலும் அவள் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "இது யாரைப் பார்த்து இருக்கணும்? உங்களைப் பார்த்தா, எதிரே நிக்கிறவங்களைப் பார்த்தா?" மணிக்கட்டில் போடுகிற படம் ஒன்று போட்டுக்கொண்டவருக்கு நேராகத் தெரியும், இல்லாவிட்டால் பார்க்கிறவருக்கு நேராகத் தெரியும். ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் நேராக இருக்காது. குத்திவிட்ட பிறகு ஐயோ என்றால் திருப்பி வைக்க முடியாது.

அன்றைக்கு அவளுக்குக் காலையிலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை. ஐந்து மணிக்கு அப்பா வருவதாகச் சொல்லியிருந்தார். வாடிக்கையாளராக வரப்போகிறார், அதுவும் அவளிடம்!

அப்பாவின் இடது மணிக்கட்டின் உட்பக்கத்தில் ஒரு முத்திரை இருக்கிறது. ஒரு வட்டம், உள்ளே மூன்று முனைக் கிரீடம். பதினாறு வயசில் செங்கல் சூளைக்கு வேலைக்குப் போனபோது குத்தினார்கள். செங்கல்லில் எந்த அச்சோ, ஆளுக்கும் அதே அச்சு. சூளை வாசலில் கையை நீட்டிக் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள், அதனால் முத்திரை காவலாளியைப் பார்த்து நேராக இருக்கும். அப்பாவுக்கு அது தலைகீழ். அங்கேயிருந்து தப்பித்து வேறு சூளைக்குப் போனாலும், கையைப் பார்த்த உடனே 'அந்த வீட்டு ஆளு' என்று பிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பதினோரு வருஷம் அப்படிக் கிடந்தார். சூளை இழுத்து மூடப்பட்ட பிறகுதான் வெளியே வந்தார்.

கிரீடத்தின் இடது முனை மட்டும் வளைந்து சாய்ந்திருக்கும். குத்தும்போது வலி தாங்காமல் கையை இழுத்துவிட்டாராம். இழுத்ததற்காகப் பளாரென்று ஓர் அறையும் விழுந்ததாம். இதை அவர் ஒரே ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறார். அதற்கப்புறம் அந்தப் பேச்சே எடுக்கவில்லை. அகலமான தோல்பட்டை வைத்த கைக்கடிகாரம் ஒன்றை அதன்மேல் கட்டிக்கொண்டார். கடிகாரம் நின்றுபோய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. யாராவது மணி கேட்டால் வானத்தைப் பார்த்துச் சொல்லுவார்.

போன வருஷம் பட்டை பட்ட இடமெல்லாம் புண்ணாகிவிட்டது. டாக்டர் இனிமேல் பட்டையே கூடாது என்றார். புண் ஆறி மூன்று மாதமாகக் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு திரிகிறார். "ஏதாவது போட்டு மறைச்சு விடும்மா" என்று அவராகவே கேட்டார். ரெண்டு வாரம் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு, "இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்று பக்கத்தைத் தள்ளித் தள்ளி, கடைசியில் அகலமான இலை ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். "ஏன்ப்பா இது?" என்று கேட்டதற்கு, "இதுதான் எல்லாத்தையும் மூடும்" என்றார். அந்த இலையைத் தோலில் பதிக்கிற ஸ்டென்சில் தாள் தயாராக மேஜைமேல் இருந்தது.

நாலு மணிக்கு முன்பதிவு செய்திருந்தவன் வந்தான். இருபத்தெட்டு வயசு இருக்கும். வெள்ளைச் சட்டை, பணிவான பேச்சு. செருப்பை வெளியே விடணுமா என்று கேட்டு, விட்டுவிட்டு வந்தான்.

"எங்க குடும்ப முத்திரை மேடம். அர்த்தமா ஒண்ணு போடணும்னு ரொம்ப நாள் ஆசை. ஒரு வாரமா மார்க்கர்ல வரைஞ்சு பார்த்துக்கிட்டிருக்கேன், அழிய அழிய மறுபடி வரைஞ்சுடுவேன்."

சட்டைக் கையை மடித்து நீட்டினான். ஒரு வட்டம், உள்ளே மூன்று முனைக் கிரீடம், இடது முனை வளைந்து சாய்ந்திருந்தது.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறந்ததிலிருந்து பார்த்த முத்திரை. அப்பா குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது, கடிகாரம் இல்லாத கையில் ஓரக்கண்ணால் பார்த்த அதே முத்திரை, வெயில் படாத வேறொருத்தன் கையில் மினுமினுவென்று இருந்தது.

"எங்க தாத்தா பெரிய செங்கல் சூளை வச்சிருந்தார். இந்த ஊர்ப் பழைய கட்டிடம் எதை இடிச்சாலும் இந்த முத்திரை வரும்" என்று அவன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனான். "வட்டம்னா முடிவில்லாத வம்சம். மூணு முனை வீரம், செல்வம், நீதி. அப்புறம் இந்த வளைஞ்ச முனைதான் விசேஷம். செங்கல்லுல நேராத்தான் இருக்கும். தாத்தா கையில மட்டும் வளைஞ்சிருக்கு. எவ்வளவு உயர்ந்தாலும் பணிவு வேணும்னு அவரே வளைச்சுப் போட்டுக்கிட்டார் போல."

பணிவாம்! அறை வாங்கிய முனைக்குப் பணிவு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இருந்தாலும் வாய் வழக்கம்போலக் கேட்டது.

"யாரைப் பார்த்து இருக்கணும்?"

"எதிரே நிக்கிறவங்களைப் பார்த்து. படத்துல அப்படித்தான் இருக்கு. நாலு பேர் பார்க்கணும் இல்லையா?"

"என்ன படம்?"

போனை எடுத்துக் காட்டினான். பழுப்பேறிய படம். ஒரு மணிக்கட்டு, இறுக்கிய விரல்கள், அதற்குள் ஒரு கைப்பிடி. மணிக்கட்டில் கிரீடம் தெளிவாகத் தெரிந்தது. "தாத்தா கைத்தடி பிடிச்சிருக்கார். அத்தை கையை மட்டும் வெட்டி அனுப்பினாங்க, டிசைன் தெரியணும்னு."

"முழுப் படம் இருக்கா?"

"இருக்கே! அத்தை வீட்டுக் கூடத்துல மாட்டியிருக்கு. சின்ன வயசிலேருந்து பார்க்கிற படம்."

தேடி எடுத்தான். நல்ல வெயிலில், பின்னால் செங்கல் அடுக்கு தெரிய, வெள்ளை உடுப்பில் ஒரு மனுஷர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேலே குடை. அவள் ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு போனை அவன் பக்கம் திருப்பினாள்.

"எண்ணுங்க சார்."

"எதை?"

"கையை."

அவன் சிரித்துக்கொண்டே எண்ண ஆரம்பித்தான். தாத்தாவின் வலது கை கைத்தடியின் மேல் இருந்தது. இடது கை அந்த வலது கையின் மேல் இருந்தது. ரெண்டு மணிக்கட்டும் வெறுமையாக இருந்தன. படத்தின் ஓரத்திலிருந்து, சட்டத்துக்கு வெளியே இருந்து, இன்னொரு கை உள்ளே நீண்டு குடையைப் பிடித்திருந்தது; கிரீடம் அந்தக் கையில்தான் இருந்தது. சிரிப்பு பாதியில் நின்றது.

"உங்க தாத்தாவுக்கு எத்தனை கை சார்?"

அவன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான், சின்னதாக்கிப் பார்த்தான். ஒரு குடும்பமே இத்தனை வருஷம் அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறது. ஒருத்தருக்காவது அந்தக் கைக்கு ஓர் உடம்பு இருக்கும் என்று தோன்றவில்லையே!

"யாராவது வேலைக்காரரா இருக்கலாம்" என்றான் மெதுவாக. "அந்தக் காலத்துல விசுவாசத்துல அவங்களே குத்திக்கிட்டிருப்பாங்க."

அவ்வளவுதான். அவள் கையுறையை உருவி மேஜையில் அடித்தாள்.

"விசுவாசமா? என்ன சார், காதுல பூ சுத்துறீங்களா? மாட்டுக்குச் சூடு போடுறவன் தனக்கும் போட்டுக்குவானா? இது உங்க தாத்தா போட்டுக்கிட்டது இல்லை, போட்டு விட்டது. ஓடிப்போனா பிடிச்சுக் கொண்டு வர்றதுக்கு! பதினாறு வயசுப் பிள்ளை வலியில கையை இழுத்துச்சு, அதான் அந்த முனை வளைஞ்சிருக்கு. அதுக்கு அறையும் விழுந்துச்சு. வீரமாம், செல்வமாம், நீதியாம்! அவங்க உடம்பையும் எடுத்துக்கிட்டீங்க, இப்ப அந்த வலியையும் உங்க பெருமைன்னு எடுத்துட்டுப் போக வந்துட்டீங்களா?"

"மேடம், இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. அப்பா எப்போதும் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிடுவார். உள்ளே வந்தவர் மகளின் முகத்தைப் பார்த்தார், பிறகு அந்தப் பையனின் மணிக்கட்டைப் பார்த்தார். கால் நகரவில்லை.

"யாரும்மா இது?"

"சூளை வீட்டுப் பேரன்ப்பா."

அவள் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லி முடிப்பதற்குள் அப்பாவின் முதுகு நிமிர்ந்தது. வலது கை கைக்குட்டையை அவிழ்த்தது. இடது கை முன்னால் நீண்டு, உள்ளங்கை மேலே பார்க்க, அந்தப் பையனுக்கு முன்னால் நின்றது. முகத்தில் ஒன்றுமே இல்லை. சூளை வாசலில் நிற்கிற முகம்.

"கையைக் கீழே போடுங்கப்பா!" என்று கத்தினாள். கீழே தையல் மெஷின் சத்தம் நின்றுவிட்டது. அவளுக்கு அந்தப் பையன்மேல், அந்தச் சூளைமேல், தானாக நீண்ட அந்தக் கைமேல்கூட ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கண்ணில் தண்ணீர் வேறு முட்டிக்கொண்டு நின்றது.

பையன் அந்த வளைந்த முனையையே பார்த்தான். போனில் இருந்த படத்தைப் பார்த்தான். மறுபடி கையைப் பார்த்தான். என்ன பேசுகிறோம் என்று தெரியாமலே வாய்விட்டான்: "ஐயா, நீங்க எங்க வீட்டு ஆளா?"

அப்பாவின் கை கீழே இறங்கியது.

"இல்லை தம்பி" என்றார். "நான் எங்க வீட்டு ஆளு."

போனை வாங்கித் தள்ளி வைத்துப் பார்த்தார். "கனமான குடை. கை கடுத்துப்போச்சு. நான் பக்கத்துல நின்னேன். படம் எடுக்க வந்தவன், 'நீ தள்ளிப் போ, குடை மட்டும் வரட்டும்'னான். தள்ளி நின்னேன்." போனைத் திருப்பிக் கொடுத்தார். "அந்த வயசுல என்னை எடுத்த படம் வேற எதுவும் இல்லை. இதை எனக்கு அனுப்பி வை. உங்க தாத்தாவை வெட்டிட்டு அனுப்பு. உங்க அத்தை வெட்டினாங்களே, அதே மாதிரி."

பையன் மேஜையிலிருந்த ஈரத்தாளை எடுத்துத் தன் மணிக்கட்டைத் தேய்க்க ஆரம்பித்தான். தோல் சிவந்ததே தவிர மார்க்கர் போகவில்லை. தேய்த்துக்கொண்டே இருந்தான்.

"விடு தம்பி" என்றார் அப்பா. "உனக்கு ரெண்டு குளியல்ல போயிடும்."

அவன் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் இறங்கிப் போனான். கொஞ்ச நேரத்தில் அவள் போன் சிணுங்கியது. படம் வந்திருந்தது. வெறும் கை. அப்பாவிடம் காட்டினாள். அவர் பார்த்துவிட்டு நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, மணிக்கட்டைத் திண்டின்மேல் வைத்தார்.

அவள் புதுக் கையுறையை மாட்டிக்கொண்டு இலையின் ஸ்டென்சிலை எடுத்தாள்.

"அது வேண்டாம்மா."

"அப்போ வேற என்னப்பா? ஆல்பம் எடுக்கட்டுமா?"

"ஆல்பத்துல இல்லை. இது இப்படியே இருக்கட்டும், இனி மூட வேண்டாம். இதுக்குக் கீழே என் பேரை எழுது." கொஞ்சம் யோசித்தார். "பதினோரு வருஷம் அந்த வாசல்ல நின்னேன். கையைக் காட்டு, கையைக் காட்டும்பானுங்க. ஒருத்தன் பேரு என்னன்னு கேக்கலை."

புது ஸ்டென்சில் தாளை இழுத்து அப்பாவின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினாள். பழக்க தோஷத்தில் கேட்டாள்.

"யாரைப் பார்த்து இருக்கணும்ப்பா?"

அப்பா மணிக்கட்டையே பார்த்தார்.

"மேலே இருக்கிறது அவனுங்க பார்க்கிறதுக்குப் போட்டது" என்றார். "இது நான் பார்க்கிறதுக்கு."

அவள் பெயர் எழுதிய ஸ்டென்சிலை அவர் பக்கம் திருப்பி ஒட்டினாள். மெஷினைப் போட்டாள். ஊசி முதல் எழுத்தில் இறங்கியபோது அவருடைய விரல்கள் ஒரு தடவை மடங்கின. இந்தத் தடவை அவர் கையை இழுக்கவில்லை.