முந்நூற்றுப் பன்னிரண்டு ஜாடிகள்

எங்கள் ஷிமென்ஜென் ஊரில் அரவை ஆலை வந்த வருஷத்திலிருந்து தலைவலிகளை ஊறுகாய் ஜாடியில் போட்டுத்தான் மூடி வைக்கிறார்கள். அந்தச் சமயத்தில்தான் வைத்தியர் நியே சூயுன் செருப்புக் கடைக்குப் பக்கத்தில் பெயர்ப்பலகை மாட்டினார். விடாத தலைவலிக்கு எங்கள் பேச்சில் தலைக்காற்று என்று பெயர். பிடரியில் ஊசி குத்துகிற இடத்துக்குக் காற்றுக்குளம் என்று பெயர். மற்ற வைத்தியர்கள் இதையெல்லாம் சும்மா பேருக்குச் சொல்லிவிட்டு, கிழங்குப் பொடியைப் பச்சைத் தேநீரில் கலக்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். சூயுனும் பொடி கொடுத்தார்தான். ஆனால் அவர் காற்றுக்குளத்தில் ஊசியை வைத்து இரண்டு திருகு திருகினால் நிஜமாகவே காற்று வெளியே வந்தது. முதல் நாள் வந்த காற்று மருந்துப் பொட்டலங்களைத் தெருக்கோடிவரை அடித்துக்கொண்டு போய்விட்டது. மறுநாள் அவர் சந்தையில் ஆறு ஜாடி வாங்கி வந்தார்.

எங்கள் ஊர் ஊறுகாய் ஜாடிக்குக் கழுத்தைச் சுற்றி ஒரு வாய்க்கால் உண்டு. மூடியைக் கவிழ்த்து அதில் தண்ணீர் விட்டால் உள்ளே இருப்பது உள்ளேயே இருக்கும். நெற்றி வலி, கன்னப்பொட்டு வலி, பிடரி வலி, உச்சி வலி என்று நான்கு அலமாரி. ஒவ்வொரு ஜாடியிலும் ஒரு பெயர். தினமும் காலையில் சூயுன் எல்லா வாய்க்காலுக்கும் தண்ணீர் விடுவார். ஒரு கோடையில் தங்கை சாவுக்குப் போன இடத்தில் நான்கு நாள் தங்கிவிட, பொட்டு அலமாரியில் தண்ணீர் வற்றிவிட்டது. பதினேழு பேர் ஒரே மத்தியானத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அவரவர் காற்று அவரவர் தலையைத் தேடிப் போய்விட்டது. திரும்பி வந்து பதினேழையும் மறுபடி எடுத்து மூடிய பிறகு சூயுன் வெளியூர் போனதே இல்லை.

பிடரி அலமாரியின் கடைசி ஜாடி அவர் கணவர் காவ் ஷிலினுடையது. ஷிலின் தேநீர்க் கடையில் நீளமூக்குக் கெண்டியால் நான்கடி தள்ளி நின்று ஊற்றுகிறவர். சின்ன வயதிலிருந்தே குனிந்து குனிந்து பிடரி போயிற்று. கல்யாணமான வருஷமே அந்தக் காற்றைச் சூயுன் எடுத்துவிட்டார். ஷிலின் இறந்து பதினொரு வருஷம் ஆன பிறகும் அந்த ஜாடி மட்டும் காலையில் குளுக் குளுக் என்னும். மல்லிகைத் தேநீர் வாசம் அடிக்கும். "சும்மா கெட மனுஷா, வரேன்" என்று திட்டிக்கொண்டே சூயுன் அதற்குக் கடைசியாகத் தண்ணீர் விடுவார். புருஷன் மீது அவர் உயிரையே வைத்திருந்தார் என்பது தெருவுக்கே தெரியும்.

அப்படியிருக்கும்போதுதான் மாவட்டத்திலிருந்து பாங் தேமிங் என்ற அதிகாரி உரிமம் புதுப்பிக்கும் படிவத்தோடு வந்தார். நோய்க்காரணம் என்ற கட்டத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் சூயுன் காற்று என்றே எழுதியிருந்தார்.

"வைத்தியரம்மா, ரத்தக்குழாய்னு மாத்தி எழுதுங்க. ஒரே ஒரு சொல்லு. முத்திரை குத்திட்டு நான் பாட்டுக்குப் போயிடறேன்."

"நான் எடுத்தது ரத்தக்குழாய் இல்லியே தம்பி. எடுத்ததைத்தானே எழுதுவேன்?"

மாற்றாவிட்டால் வெள்ளிக்கிழமை பலகையைக் கழற்றுவோம், அனுமதியில்லாத ஜாடிகளைக் கொட்டிக் கழுவிவிடுவோம் என்று பாங் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார். தெரு இரண்டாகப் பிரிந்தது. ஆலைக்காரர் வாசலில் வந்து கும்பிட்டார். "எழுதித் தொலைச்சிடுங்கம்மா. இருபது வருஷமா நிம்மதியா தூங்கறேன். ஒரு சொல்லுக்காக என் தலையை அடகு வைக்காதீங்க." பன்றிக்கறிக் கடை ஷியாங் கத்தியைக் கூடக் கீழே வைக்காமல் ஓடிவந்தாள். "எழுதுனீங்கன்னா பாருங்க! என் உச்சியில ஒக்காந்து ஆட்டம் போட்டது என்னன்னு எனக்குத் தெரியும். அதுக்குப் பேரு மாத்த இவன் யாரு?" சூயுன் இருவரையும் தாண்டிப் போய் வாய்க்கால்களுக்குத் தண்ணீர் விட்டார். வெள்ளிக்கிழமைவரை மூன்று நாளும் அவர் முகம் வெளுத்துக் கிடந்தது.

வெள்ளிக்கிழமை பாங் நான்கு ஆட்களோடு வந்தார். எழுத மாட்டேன் என்றார் சூயுன். "அப்ப ஒண்ணைத் திறந்து காட்டுங்க, பாப்போம்" என்றார் பாங். யாருடையதைத் திறந்தாலும் அது ஒருவர் தலைக்குப் போய்விடும்; திரும்பிப் போகத் தலையில்லாத காற்று அங்கே ஒன்றே ஒன்றுதான். சூயுன் கடைசி ஜாடியை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். எல்லார் முன்னாலும் அழுதார். பிறகு மூடியைத் தூக்கினார்.

காற்று பாங்கின் தொப்பியைக் கொண்டுபோய்க் கூரையில் வைத்தது. படிவங்களைத் தெரு முழுக்கப் பரப்பியது. தேநீர்க் கடைப் பக்கம் போய் ஷிலினைத் தேடியது, அவர் இல்லை. திரும்பி வந்து சூயுனின் பிடரி மயிரைக் கோதிவிட்டு நின்றது. தலைக்குள்ளே போகவில்லை. தெருவே மல்லிகையாக மணந்தது.

"இன்னும் முந்நூத்திப் பதினொண்ணு இருக்கு தம்பி. தொடுங்க பாப்போம்" என்றார் சூயுன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

பாங் ஜாடிகளைத் தொடவில்லை. ஆனால் வெறுங்கையோடு போனால் மேலிடத்தில் என்ன சொல்வது? பலகையையாவது கழற்றச் சொன்னார். ஆட்கள் நான்கு ஆணியையும் பிடுங்கினார்கள். பலகை விழவில்லை. இரண்டு பேர் அதைப் பிடித்துத் தொங்கியும் பார்த்தார்கள். "எங்க தேநீர்க்காரர் பிடிச்சிருக்காருடோய், கெண்டியையே சிந்தாம பிடிச்ச கை!" என்று ஷியாங் கூவ, ஆலைக்காரர்கூடச் சிரித்துவிட்டார். பாங் ஆணிகளை உறையில் போட்டு ஒட்டி, பலகை அகற்றப்பட்டது என்று எழுதிக்கொண்டு போனார்.

படிவம் இன்னும் வருஷா வருஷம் வருகிறது. சூயுன் காற்று என்று எழுதி அனுப்புகிறார்; அது திரும்பி வருகிறது; மறுபடியும் காற்று என்று எழுதி அனுப்புகிறார். பலகை சுவரிலிருந்து ஒரு விரல் தள்ளி நிற்பதால் பின்பக்கமும் தூசி தட்ட வசதியாக இருக்கிறது. காலியான ஜாடியைக் கழுவி முள்ளங்கி போட்டிருக்கிறார். நன்றாகத்தான் ஊறுகிறது. கொஞ்சம் மல்லிகை வாசம் அடிக்கும், அவ்வளவுதான்.