பத்துக்குப் பத்து

பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான்கு மணியிலிருந்து ஆறு மணி வரை அகதிக் குடும்பத்துப் பெண்பிள்ளைகளுக்கு வாலிபால் சொல்லிக்கொடுப்பதுதான் கோச்சக்காவின் வேலை என்று யாராவது நினைத்தால், பாவம், விவரம் தெரியாதவர்கள். அவள் வேலை படிவம் நிரப்புவது. நடுவில் நேரம் கிடைத்தால் பந்தையும் தொட்டுக்கொள்ளலாம்.

வந்த பிள்ளைக்கு ஒரு படிவம், வராத பிள்ளைக்கு இன்னொன்று. பந்துகளுக்குக் காற்றடிக்க ஒரு பம்பு கேட்டு எட்டு மாதம் ஆயிற்று. பம்பு வரவில்லை, பம்பு எதற்கு என்று விளக்கிச் சொல்லும் படிவம் வந்தது. அதையும் நிரப்பி அனுப்பினாள்.

எல்லாவற்றுக்கும் பெரியண்ணன் மாதிரி ஒரு படிவம் உண்டு. வருஷத் தொடக்கத்தில் ஒரு தடவை, முடிவில் ஒரு தடவை. ராத்திரி நன்றாகத் தூங்குகிறாயா, இந்த ஊரில் பயமில்லாமல் இருக்கிறாயா என்றெல்லாம் கேட்டிருக்கும். பிள்ளைகள் பத்துக்கு இத்தனை என்று தாங்களே மார்க் போட வேண்டும். வருஷக் கடைசியில் மார்க் ஏறியிருந்தால் வகுப்பு நடக்கும். ஏறவில்லையா, ஹாலைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். மனுஷ மனதை அளப்பது எவ்வளவு சுலபம் பாருங்கள்.

முதல் தடவை பதினான்கு பிள்ளைகளும் எல்லாக் கேள்விக்கும் பத்துக்குப் பத்து போட்டுக் கொடுத்தார்கள். அதில் ஒருத்தி இந்த ஊருக்கு வந்தே ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. அவளும் அமோகமாகத் தூங்குகிறாளாம். எல்லாம் முகாமில் வளர்ந்த பிள்ளைகள். அங்கே படிவத்தில் குறை எழுதிய குடும்பத்தை மறுவாரமே வேறு கொட்டகைக்குத் தூக்கிப் போடுவார்கள். அதனால் காகிதத்தைக் கண்டதும் கை தானாக நல்லதை எழுதிவிடும்.

ஒரு வருஷம் கழித்துத்தான், வகுப்பை நடத்தும் அலுவலகத்தின் ஒருங்கிணைப்பாளர் அம்மாவுக்கு அந்தக் கட்டைப் பிரித்துப் பார்க்க ஒழிந்தது. இத்தனை பத்தை யார் நம்புவார்கள், நீங்களே உட்கார்ந்து போட்டீர்களா என்று கேட்டார். கோச்சக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது. இந்தத் தடவை பிள்ளைகள் மனதில் இருப்பதைத்தான் எழுதுவார்கள், அதற்கு நான் பொறுப்பு என்று சொல்லிவிட்டு வந்தாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது அவளுக்குப் புதிதில்லை.

அன்று பந்தை எடுக்கவே இல்லை. வலைக்குக் கீழே எல்லோரையும் உட்கார வைத்து, படிவத்தைக் கையில் கொடுத்துப் பேசினாள். யாருக்கும் பேனா நகரவில்லை. கடைசியில் கேப்டன் வாயைத் திறந்தாள். பதினாறு வயசு, ஆறு வருஷம் முகாமில் இருந்தவள்.

"குறை எழுதினா எங்கள எங்கயாவது மாத்திடுவாங்களாக்கா?"

"மாட்டாங்க. நான் இருக்கேன்ல. உள்ளத உள்ளபடி எழுது."

எழுதினார்கள். கூடுதல் தாள் கேட்டு வாங்கி எழுதினார்கள். பயமில்லாமல் இருக்கிறாயா என்ற கேள்விக்குக் கேப்டன் இரண்டு போட்டு, வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் கதவைத் தட்டாமல் உள்ளே வருகிறார் என்று எழுதியிருந்தாள். தம்பி தூக்கத்தில் கத்துவதால் தனக்குத் தூக்கம் ஒன்று என்றாள் ஒருத்தி. கோச்சக்கா கத்துவதைக் குறைத்தால் நன்றாயிருக்கும் என்றாள் இன்னொருத்தி. படித்துவிட்டுக் கோச்சக்கா சிரித்தாள், அப்புறம் சமையலறையில் நின்று அழுதாள். மறுநாளே போய் அந்த வீட்டுக்காரரை ஒரு பிடி பிடித்தாள். உள்தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்தார்.

அலுவலகத்தில் கூட்டிக் கழித்துப் பார்த்தார்கள். போன வருஷம் பத்து, இந்த வருஷம் மூன்று. உங்கள் வகுப்புக்கு வந்து பிள்ளைகளின் மனநிலை கெட்டுப்போயிருக்கிறது என்றார் அம்மா, மிகுந்த வருத்தத்தோடு. போன வருஷம் பயந்து பொய் எழுதினார்கள், இப்போது பயம் விட்டு நிஜத்தை எழுதியிருக்கிறார்கள், இதைவிட என்ன முன்னேற்றம் வேண்டும் என்று கோச்சக்கா தொண்டை வற்றக் கத்தினாள். அம்மா பொறுமையாகக் கேட்டார். அதற்கு ஆதாரம் இருக்கிறதா என்றார். அப்புறம், நீங்கள் ரொம்பக் களைத்திருக்கிறீர்கள், மன அமைதிக்கு ஐந்து நாள் வகுப்பு ஒன்று இருக்கிறது, இந்தாருங்கள் படிவம் என்று நீட்டினார்.

மாதக் கடைசியோடு வகுப்பை மூடச் சொல்லிவிட்டார்கள். அன்றுதான் கடைசி நாள். கூரை ஒழுகுகிறது, ரிப்பேர் என்று ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடலாம் என்றுதான் கோச்சக்கா வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தாள். பதினான்கு முகங்களைப் பார்த்ததும் பொய் வரவில்லை. நடந்ததைச் சொன்னாள். நீங்கள் எழுதியது சரிதான், அதைத் தப்பாகப் படித்துவிட்டார்கள் என்றாள்.

யாரும் அழவில்லை. ஒன்பது நாள்காரி மட்டும் பந்தைக் கீழே வைத்தாள். கேப்டன் எழுந்து கோச்சக்காவுக்கு எதிரே வந்து நின்றாள்.

"நாங்க பத்துன்னே போட்டிருந்தா விட்டிருப்பாங்களா?"

"தெரியல. விட்டிருக்கலாம்."

"அப்ப எதுக்குக்கா எங்கள எழுதச் சொன்னீங்க?"

கோச்சக்கா குனிந்து, கீழே கிடந்த பந்தை எடுத்துப் பையில் போட்டாள். கேப்டன் வலையை அவிழ்க்கப் போனாள். ஆறு மணிக்கு ஹாலைக் காலி செய்து கொடுக்க வேண்டும்.