இலை இன்னும் வரவில்லை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறந்ததல்ல, கட்டுரையாகக் கேட்கப்பட்டது. நான் பத்தி எழுதும் வார இதழின் ஆசிரியர் போன் செய்து, "வீட்ல மீன் வளக்கிறவங்க ஆசைப்பட்டு வெச்சுப் பாக்கக்கூடிய தொட்டிச் செடிங்களைப் பத்தி ஒண்ணு எழுதுங்களேன். ஜாலியா இருக்கணும்" என்றார். எனக்கு மீனைப் பற்றியும் தெரியாது, செடியைப் பற்றியும் தெரியாது. அதனால் உடனே சரி என்றேன்.

தெரிந்துகொள்வதற்காக ஒரு தொட்டி வாங்கினேன். பிறகு எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: "நீருக்கடியில் ஒரு காடு உண்டு. அந்தக் காட்டில்..." (அடித்துவிட்டேன். அந்தக் காட்டில் இரண்டு கப்பி மீன்களைத் தவிர வேறு யாரும் இல்லை.)

இரண்டாம் தொடக்கம்: "பச்சை என்பது வெறும் நிறமல்ல, அது ஒரு..." (ஒரு என்ன? ஒரு வாரம் யோசித்தேன். ஒன்றும் வரவில்லை.)

மூன்றாம் தொடக்கம்: "என் மாமியாருக்கு முழங்கால் வலி." இது மட்டும் நின்றுவிட்டது. செடிக் கட்டுரையில் மாமியாருக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். ஆசிரியரும் கேட்டார்.

2

அத்தை ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். மாமா போன பிறகு அவருடைய வீட்டில் தனியாகத்தான் இருந்தார். ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்து, எழ முடியாமல், பக்கத்து வீட்டுக்காரர் காதில் குரல் விழும்வரை ஈரத்தரையிலேயே கிடந்திருக்கிறார். காலை முழுக்க. "சும்மா ஒரு சறுக்கல்" என்பார் அத்தை. என் மனைவி அதைச் சொல்லும்போது பாதியில் நிறுத்திவிடுவாள்.

முழங்கால் சரியாகும்வரை என்று பேசித்தான் எங்களிடம் வந்தார். வீட்டில் இரண்டே அறைகள். ஒன்று எங்களுடையது. இன்னொன்று என் எழுத்து அறை, அதாவது ஒரு மேசை, ஒரு நாற்காலி, புதிதாக ஒரு மீன்தொட்டி. அங்கே கட்டில் போட்டோம். நான் சாப்பாட்டு மேசைக்கு நாடு கடத்தப்பட்டேன். அத்தையின் பெட்டி கட்டிலுக்கடியில் போனது. அலமாரியில் மேல் தட்டு இரண்டைக் காலி செய்து கொடுத்தும் அவர் துணியை எடுத்து வைக்கவே இல்லை. வேண்டியதை மட்டும் உருவிக்கொண்டு பெட்டியை மறுபடி பூட்டிவிடுவார், ரயிலுக்குக் காத்திருப்பவர் மாதிரி.

(இந்தப் பாத்திரத்தை நான் சரியாகப் பிடிக்கவில்லை என்ற சந்தேகம் எனக்கு ஆரம்பத்திலிருந்தே இருந்தது. முதல் வரைவில் அவரைச் சாந்தமாக, ஜன்னலோரம் உட்கார்ந்து பெருமூச்சு விடுபவராக எழுதியிருந்தேன். தாள்களை அவர் அறை மேசையிலேயே மறந்து வைத்துவிட்டேன்.)

"யாரு மாப்ளே இது, பூனைக்குட்டியாட்டம் ஒரு பொம்பளை?"

"நீங்கதான் அத்தை."

"நானா? தியேட்டர்ல பெரிய பெரிய டாக்டருங்களே என் மூஞ்சியைப் பாத்துட்டுத்தான் உள்ள வருவாங்க. இன்னும் கொஞ்சம் பயமா எழுதுங்க."

அன்றிலிருந்து ஒவ்வொரு பகுதியையும் எழுதியதும் அவரிடம் காட்டிவிடுவது வழக்கமாகிவிட்டது. கடைசிப் பகுதியைத் தவிர. அதற்கு வருகிறேன்.

3

இங்கே செடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் ஆசிரியர் விடமாட்டார்.

மீன்கடைக்காரர் மூன்று செடிகள் கொடுத்தார். முதலாவது ஜாவா பாசி. "இதை நீங்க கொல்லணும்னு நெனைச்சாலும் முடியாது சார்." இரண்டாவது ஜாவா பெரணி. "மண்ணுல புதைச்சீங்கன்னா அழுகிடும். ஒரு கல்லு மேல வெச்சு நூலால கட்டுங்க. அப்புறம் அதுவே புடிச்சுக்கும்." மூன்றாவதன் பெயர் கிரிப்டோகோரைன். கடைக்காரரே சுருக்கி கிரிப்ட் என்றுதான் சொன்னார். பழுப்பும் பச்சையுமாக, விளிம்பு சுருள் சுருளாக இருந்த அதன் இலைகளைப் பார்த்ததும் எனக்கு ஆசை வந்துவிட்டது. ஆசைப்பட்டு வைத்துப் பார்க்கக்கூடிய செடி என்று ஆசிரியர் சொன்னது இதைத்தான் என்று முடிவு செய்தேன்.

"ஒண்ணு சொல்றேன் சார், நல்லாக் கேட்டுக்கோங்க" என்றார் கடைக்காரர். "இது பண்ணையில வேரை மட்டும் தண்ணியில விட்டு, இலையைக் காத்துல வளத்தது. உங்க தொட்டியில முழுசா முங்குனதும் இருக்கிற இலையெல்லாம் கரைஞ்சு கூழாப் போயிடும். செத்துருச்சுன்னு புடுங்கிறாதீங்க. வேர் உசிரோடதான் இருக்கும். கையை வெக்காம விட்டா, தண்ணிக்குத் தோதா புது இலை விடும்."

தலையாட்டினேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு கட்டுரையில்தான் எழுதப்போகிறோமே என்று இருந்துவிட்டேன்.

பெரணியைக் கல்லில் கட்ட உட்கார்ந்தேன். கல்லைப் பிடித்தால் பெரணி நழுவும், பெரணியைப் பிடித்தால் நூல் நழுவும். அத்தை கட்டிலிலிருந்து பார்த்துப் பார்த்துப் பொறுமை இழந்து, "இங்க குடுங்க" என்று வாங்கினார். விரல்கள் என்னவோ செய்தன. முடிந்துவிட்டது.

"தையல் போடுற முடிச்சு. இழுத்துப் பாருங்க, அவுராது."

இழுத்துப் பார்த்தேன், அவிழவில்லை. பணி ஓய்வின்போது கூட வேலை பார்த்தவர்கள் கொடுத்த நீளமான ஃபோர்செப்ஸ் இடுக்கி ஒன்று அவரிடம் இருந்தது. அதைப் பெட்டியிலிருந்து எடுத்து, கல்லைத் தொட்டிக்குள் இறக்கி, பாசியை அதன் அடியில் செருகினார். பிறகு ஃபோர்செப்ஸைக் கழுவித் துடைத்து மேசையில் துண்டு விரித்து அதன்மேல் வைத்தார். பெட்டியை விட்டு வெளியே வந்து, திரும்ப உள்ளே போகாத முதல் பொருள் அதுதான். என் மனைவி அதைக் கவனித்துவிட்டு எனக்குக் கண்ணைக் காட்டினாள். எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

4

கடைக்காரர் சொன்னபடியே கிரிப்ட் கரையத் தொடங்கியது. இலைகளில் ஓட்டை விழுந்தது, பிறகு கண்ணாடி போலாகி, கூழாகி, தண்டோடு சாய்ந்தது.

(வாசகரே, இடம் மாறியதும் இலை கொட்டும் செடி என்றவுடன் நீங்கள் யாரை நினைத்தீர்கள் என்று எனக்குத் தெரியும். எல்லாம் நடந்த பிறகு எழுத உட்கார்ந்தபோது நானும் நினைத்தேன், அழகாக ஒரு பத்தியும் எழுதினேன். அத்தை படித்துவிட்டு "நான் என்ன செடியா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். பத்தியை எடுத்துவிட்டேன்.)

இதழ் அலுவலகத்துக்குப் போய்விட்டு ஒருநாள் மதியம் வந்தேன். தொட்டி பளிச்சென்று இருந்தது. கண்ணாடி துடைத்திருந்தது. கிரிப்ட் இருந்த இடத்தில் வெறும் கூழாங்கல்.

"அழுகிப்போச்சு மாப்ளே. அழுகினதை விட்டு வெச்சா பக்கத்துல இருக்கிறதுக்கும் பரவும். வேரோட எடுத்துக் குப்பையில போட்டுட்டேன்" என்றார் அத்தை. வேலையை முடித்த திருப்தி முகத்தில் தெரிந்தது.

நான் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. "ஐயோ அத்தை, அது உசிரோட இருக்கே!" என்று கத்திவிட்டேன்.

வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் அது ஒரு சாதாரண வாக்கியம். ஆயுள் முழுக்க ஆபரேஷன் தியேட்டரில் நின்றவரிடம் சொல்லக்கூடாத வாக்கியம். அத்தையின் முகம் அப்படியே இறங்கிப்போனது. நான் சமையலறைக்கு ஓடிப் போய்க் குப்பைக் கூடையைக் கவிழ்த்து, டீத்தூளுக்கு நடுவிலிருந்து வேரைப் பொறுக்கி, கழுவி, திரும்ப நட்டேன். இலையே இல்லாத ஒரு கட்டை, அவ்வளவுதான்.

சாயங்காலம் என் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை முடிந்து வந்ததும், "ஞாயித்துக்கெழமைக்கு ஒரு காருக்குச் சொல்லிடு. கால் சரியாயிடுச்சு. என் வீடும் பூட்டியே கெடக்கு" என்றார் அத்தை.

"அம்மா, ஒரு செடிக்காகவா?"

"செடிக்காக இல்ல. அடுத்தவங்க வீட்ல கையை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க எனக்குத் தெரியல. இன்னிக்குச் செடி, நாளைக்கு வேற ஒண்ணு."

அடுத்தவங்க வீடு என்றதும் மனைவி அழுதுவிட்டாள். ஃபோர்செப்ஸ் பெட்டிக்குள் போய்விட்டது. எனக்கு அந்தக் குளியலறைத் தரைதான் கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தது.

5

ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் இரண்டு முடிவுகளை எழுதிவிட்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

முடிவு ஒன்று: கீழே கார் வந்து ஹாரன் அடிக்கிறது. அத்தை பெட்டியை எடுக்கிறார். கடைசியாகத் தொட்டியைப் பார்க்கிறார். கட்டையின் நுனியில் ஒரு புது இலை! பெட்டி கீழே விழுகிறது... (ஆசிரியருக்கு இது ரொம்பப் பிடித்தது. அதுவே எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.)

முடிவு இரண்டு: அத்தை போய்விடுகிறார். தொட்டி முன்னால் நான் தனியாக... (இதை முடிக்கவில்லை. முடிக்கப் பிடிக்கவில்லை.)

மூன்றாவதாக ஒரு கள்ள யோசனையும் வந்தது. கடையில் வேறொரு கிரிப்ட் வாங்கி, அதே இடத்தில் நட்டு, இதோ பிழைத்துவிட்டது என்று காட்டிவிடலாம். மனைவியிடம் சொன்னேன். "அம்மா அந்தத் தொட்டியையேதான் பாத்துக்கிட்டு இருக்காங்க. எந்தக் கல் எங்க இருக்குன்னு அவங்களுக்குத் தெரியும். அசிங்கமாப் போயிடும்" என்றாள். தாளில் ஓர் இலையைத் துளிர்க்கவைக்க எனக்கு அரை வரி போதும். தொட்டியில் ஒன்றும் செய்ய முடியவில்லை.

6

ஞாயிற்றுக்கிழமை நடந்தது எந்த வரைவிலும் இல்லை.

கார் வந்துவிட்டது. ஹாரனும் அடித்தது. அத்தை புடவை மாற்றி, பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தொட்டி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இலை எதுவும் வந்திருக்கவில்லை. கட்டை கட்டையாகவே இருந்தது.

"அத்தை, கார் வந்துருச்சு" என்றேன். "போகாதீங்க அத்தை" என்றும் சொல்லிவிட்டேன். அது வரைவில் இல்லாத வசனம்.

அவர் திரும்பவில்லை. "இது பொழைக்குமா பொழைக்காதா?"

"பொழைக்கும்னுதான் கடைக்காரர் சொன்னார். எப்பன்னு தெரியல."

"பேஷண்ட் கண்ணு முழிக்காம நான் ஒருநாளும் தியேட்டரை விட்டு வெளிய வந்ததில்ல மாப்ளே." பிறகு, "அந்த டிரைவர் பாவம், அவரை அனுப்பிச்சிடுங்க. ஒரு இலை வரட்டும். பாத்துட்டுக் கெளம்புறேன்" என்றார்.

நான் படிக்கட்டில் இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினேன். காரை அனுப்பிவிட்டு மேலே வரும்போதுதான் மண்டையில் உறைத்தது. இத்தனை நாளாக நான் வேண்டிக்கொண்டிருந்தது தலைகீழ். இலை வந்தால் அத்தை இருப்பார் என்று நினைத்தேன். இலை வந்தால் அத்தை போய்விடுவார்.

(இதுவரை அத்தை படித்துவிட்டார். "டிரைவரைப் பத்தி ரெண்டு வரி சேருங்க, பாவம்" என்றார். சேர்க்கவில்லை.)

7

இந்தப் பகுதியை இதழ் அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். அத்தை பார்க்கக்கூடாது.

இலை வந்துவிட்டது.

அவர் குளிக்கப் போயிருந்தபோது பார்த்தேன். குண்டூசி நீளம்தான் இருக்கும். கட்டையின் பக்கவாட்டில், வெளிர்ச் சிவப்பாக, சுருண்டுகொண்டு. சந்தோஷத்தில் கத்தப்போனவன் வாயைப் பொத்திக்கொண்டேன். சட்டைக் கையைச் சுருட்டி, தொட்டிக்குள் கையை விட்டு, அத்தை முடிச்சுப் போட்ட பெரணிக் கல்லை நகர்த்தி அதன் முன்னால் வைத்தேன். நாற்காலியிலிருந்து பார்த்தால் தெரியாது. அத்தை தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார்.

"என்ன மாப்ளே, சட்டையெல்லாம் ஈரம்?"

"ஃபில்டர் அத்தை. அடைச்சுக்கிச்சு."

மறுநாள் அத்தை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது மறுபடி பார்த்தேன். கல் நான் வைத்த இடத்தில் இல்லை. இன்னும் நெருங்கி, கட்டையை ஒட்டினாற்போல இருந்தது. கல்லுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் நான் விட்டிருந்த சின்ன இடைவெளியில் பாசி செருகியிருந்தது, அவ்வளவு கச்சிதமாக. இப்போது எந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தாலும் இலை தெரியாது.

செய்தது யார் என்று எழுத மாட்டேன். தொட்டியில் இரண்டு கப்பி மீன்கள் இருக்கின்றன, எங்கிருந்தோ வந்து சேர்ந்த ஒரு நத்தை இருக்கிறது, வீட்டில் என் மனைவி இருக்கிறாள். யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். மேசையில் துண்டு விரித்திருந்தது. அதன்மேல் ஃபோர்செப்ஸ் இருந்தது. அது ஈரமாக இருந்தது.

அத்தை கீழே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். தொட்டியையே பார்த்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமல் சொன்னார்:

"இன்னும் ஒண்ணும் காணோம் மாப்ளே."

"காணோம் அத்தை."

"பொறுமையாத்தான் இருக்கணும் போல."

"ஆமா அத்தை."

"அந்த அலமாரியில மேல் தட்டு எனக்கு எட்டல. கீழ் தட்டைக் காலி பண்ணிக் குடுங்க."

காலி பண்ணிக் கொடுத்தேன்.

ஆசிரியர் முடிவு எங்கே என்று கேட்கிறார். கொடுப்பதாக இல்லை. இலை வளரும், பெரணிக்கு மேலே தலையை நீட்டும், அப்போது நாங்கள் இருவரும் என்ன முகத்தை வைத்துக்கொள்வோம் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவசரம் வேண்டாம், மெதுவாக எழுதுங்கள். இந்த இதழ் வரும் அன்று எங்கள் வீட்டுப் பிரதியை நான் வாசலிலேயே வாங்கி மறைத்துவிடுவேன். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். எங்கள் வீட்டுப் பக்கம் வந்து, தொட்டி முன்னால் உட்கார்ந்திருக்கும் அத்தையைப் பார்த்தீர்களானால், உள்ளே நன்றாக எட்டிப் பார்த்துவிட்டு, இலை இன்னும் வரவில்லை என்றே சொல்லுங்கள்.