இரைச்சல் நீக்கப்பட்ட பாடல்கள்

1

இந்தக் கதையை நானாக எழுத ஆரம்பிக்கவில்லை. அக்கா செத்துப்போன பிறகு அத்தான் என்னிடம் கேட்டது இது ஒன்றுதான். "நீதான் கதையெல்லாம் எழுதறியே மாப்ள. என் பாட்டப் பத்தி ஒண்ணு எழுதேன்."

முதலில் இப்படித் தொடங்கினேன்: கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்த அந்த மனிதருக்குள் ஓர் இசை ஊற்று

(ஊற்றாவது மண்ணாவது.)

2

அத்தான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். வீட்டில் தானே பாட்டுக் கட்டி, தானே பாடி, கணினியில் பதிந்து இணையத்தில் போடுவார். ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே ஒரு குறிப்பு இருக்கும். 'தூண்டுதல்: தேய்ப்புச் சக்கரம் நிற்கும் முன் போடும் முனகல். பாணி: தாலாட்டு, ஆனால் வேகமாக.' இன்னொன்று: 'தூண்டுதல்: மழையில் வராத பேருந்து. பாணி: டூயட், ஒருவர் மட்டும் பாடுவது.'

அந்த டூயட்டுக்கு அக்காவைக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். "எனக்கு வெக்கமா இருக்கு, ஆள விடுங்க" என்று ஓடிவிட்டாளாம்.

பாட்டெல்லாம் எப்படி? சுமார். (சுமாருக்கும் கீழே. அவர் படித்தால் படிக்கட்டும்.)

3

பதிவு நடக்கும்போது படுக்கையறை ஜன்னலில் மெத்தையைச் சாய்த்து வைப்பார். மின்விசிறி நிற்கும். அடுக்களையில் அக்கா அசையக் கூடாது. "உங்க பாட்டு முடியற வரைக்கும் நான் பொணமாட்டம் கெடக்கணுமா?" என்பாள்.

[இந்த வசனத்தை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். அவள் சொன்னதுதான். இருக்கட்டும்.]

அவளால் சும்மா இருக்க முடியாது. தட்டைப் போடுவாள், இருமுவாள், பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவாள். அத்தான் தலையில் அடித்துக்கொண்டு கணினி முன் உட்காருவார். தெரு இரைச்சலை நீக்க மென்பொருள் உண்டு. அக்காவை அவரே நீக்குவார். அவள் குரல் விழுந்த இடங்களைத் தேடிப் பிடித்து வெட்டி, அந்த வரியை மறுபடி பாடி ஒட்டுவார். கணினியில் இடமில்லை என்று பழைய பதிவை அழித்துவிடுவார். லென்ஸில் ஒரு கீறல் இருந்தாலும் விடாத மனிதர், இதில் மட்டும் விடுவாரா?

அக்கா போன பிறகு ஹெட்போன் மாட்டிக்கொண்டு எல்லாப் பாட்டையும் கேட்டார். கூடவே நானும் கேட்டேன். ஒன்றிலும் அவள் இல்லை.* அவ்வளவு சுத்தமாகச் செய்திருக்கிறார், பாவி மனுஷன்.

* இந்தக் காலத்தில் ஒருத்தி குரல்கூடவா மிஞ்சாது என்று கேட்பீர்கள். கேமராவைக் கண்டாலே வாயை மூடிக்கொள்வாள். கல்யாண வீடியோ முழுக்க சினிமாப் பாட்டு.

4

முடிவு ஒன்று: அத்தான் பாடுவதை விட்டுவிடுகிறார். (உண்மை இதுதான். எழுதக் கை வரவில்லை.)

முடிவு இரண்டு: அதற்குப் பிறகு அவர் மெத்தையைச் சாய்க்காமலே, ஜன்னலைத் திறந்துவைத்து (சீ, அழகு பண்ணுகிறேன்.)

முடிவு மூன்று: ஏதோ ஒரு பாட்டில், கடைசிச் சரணத்துக்கு முன்னால், அவர் கவனிக்காமல் விட்ட ஓர் இடத்தில் அக்கா கேட்கிறாள்: "இன்னுமா முடியல? சாப்பாடு ஆறுது."

மூன்றாவதை வைத்து முடித்து, ஆறுதலாக இருக்கட்டுமே என்று அவருக்கு அனுப்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

5

இன்று மத்தியானம் போன் செய்தார்.

"படிச்சேன் மாப்ள."

"எப்படி இருக்கு அத்தான்?"

"அது கெடக்கட்டும். எந்தப் பாட்டுன்னு நீ எழுதலியே?"

"அத்தான், அது கதை..."

"கதைதான், தெரியாதா எனக்கு? ஆனா அவ பேசற மாதிரியே இருக்கு. அன்னைக்கு எல்லாத்தையும் நீயும்தான கேட்ட? காதுல விழாமயா எழுதுவ? கடைக்கு லீவு சொல்லிட்டேன். எந்தப் பாட்டு, சொல்லு."

ஒரு பாட்டைச் சொன்னால் அதைக் கேட்பார், கிடைக்காது, அடுத்ததைக் கேட்பார். எதிலும் இல்லை என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்ல என்னால் முடியாது, அவள் என் அக்கா. போனைக் கையால் பொத்திக்கொண்டு இந்த வரியை எழுதுகிறேன். அவர் வைக்கவில்லை, காத்துக்கொண்டிருக்கிறார்.

நீங்கள் வெளி ஆள். நீங்களே அவரிடம் சொல்லிவிடுங்கள்.