துறைமுகம் இல்லாத ஊர்

கிரேசிக்கு வந்த சிக்கல் இன்னதென்று முதலில் சொல்லிவிட வேண்டும். போர்ட் பிளேர் கல்லூரியில் விலங்கியல் கடைசி வருஷம் படிக்கிறவளுக்கு வெளிநாட்டில் மேலே படிக்க இரண்டு வழி திறந்திருந்தது. ஒன்று ஜப்பானில் மீன் பதனிடும் பயிற்சி, ஒரு வருஷம். மற்றது மாஸ்கோவில் உயிரியல். முதல் வருஷம் ருஷ்ய மொழி, அதற்குப் பிறகு ஐந்து வருஷம் படிப்பு. இரண்டிலும் சாப்பாடு, தங்கல் எல்லாம் அந்தந்த நாட்டுச் செலவு.

"ரெண்டுக்கும் போட்டு வைக்கிறேன் சார். எது கிடைக்குதோ அதுக்குப் போறேன்" என்று கல்லூரி ஆபீசில் கேட்டுப் பார்த்தாள்.

ஹெட்கிளார்க் கிருஷ்ணமூர்த்தி கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "ஒரு ஆளுக்கு ஒரு சிபாரிசுதாம்மா. இதென்ன கல்யாணப் பந்தியா, ரெண்டு பாயசமும் ஊத்தச் சொல்ல? வெள்ளிக்கிழமை காலையில வந்து சொல்லிடு. சனிக்கிழமை கப்பல்ல ஃபைல் போகணும்."

எது வேண்டும் என்பதில் கிரேசிக்குக் குழப்பம் இல்லை. கல்லூரி மைக்ரோஸ்கோப்பில் முதன்முதலாகக் கடல் தண்ணீரில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்த நாளில் அவள் மதியச் சாப்பாட்டையே மறந்துவிட்டாள். அப்பாவின் வலையில் வந்து விழுகிறதெல்லாம் அந்தச் சொட்டுக்குள் நெளிந்துகொண்டிருந்ததைத் தின்று வளர்ந்ததுதான் என்பது அவளுக்குப் பெரிய சமாச்சாரமாக இருந்தது. ஆக, மாஸ்கோதான். ஆனால் ஆறு வருஷம் என்று வீட்டில் வாய் திறந்து சொல்ல வேண்டுமே! அதற்குத்தான் பயந்தாள்.

அதனால் புதன்கிழமை சாயங்காலம் இரண்டையும் சரிசமமாக வைத்தே பேசினாள். தன் ஆசை எது என்று மட்டும் சொல்லவில்லை. அது பெரிய தப்பாகப் போயிற்று.

அப்பா அந்தோணிமுத்து தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர். போர்ட் பிளேர் ஜங்கிளிகாட்டில் சொந்தமாக டுங்கிப் படகு வைத்து வலை போடுகிறார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"ரெண்டு ஊர்லயும் துறைமுகம் இருக்கா?"

"ஜப்பான் பூரா துறைமுகம்தான்ப்பா. மாஸ்கோ உள்நாட்டு ஊரு. கடல் கிடையாது."

"கடலே கிடையாதா?" என்றார், யாருக்கோ கண் தெரியாது என்று கேள்விப்பட்ட மாதிரி. "சரி, சரி. பார்ப்போம்."

மறுநாள் அவர் கடலுக்குப் போகவில்லை. கப்பல் ஆபீசுக்குப் போனார். இந்தத் தீவில் முதலில் பாசேஜ், அதாவது கப்பலில் இடம்; அப்புறந்தான் மற்றதெல்லாம். கல்யாணமே ஆனாலும் மெயின்லாண்டிலிருந்து சொந்தக்காரர்கள் வரப் பாசேஜ் கிடைத்த தேதியைப் பார்த்துவிட்டுத்தான் கோயில் சாமியாரிடம் போய்க் கல்யாண ஓலை வாசிக்கச் சொல்வார்கள். அவரும் அந்த வழக்கப்படியே செய்தார். வியாழக்கிழமை கிரேசி கல்லூரி விட்டு வந்தபோது மாதா சுரூபத்தின் காலடியில் மெட்ராஸ் கப்பலுக்கு ஒரு பங்க் கிளாஸ் டிக்கெட் இருந்தது. ஜப்பானுக்கு இண்டர்வியூ மெட்ராஸில்.

"லைன்ல ஒரு பெங்காலி முந்தப் பார்த்தாம்ளா" என்று அப்பா உற்சாகமாக ஆரம்பித்தார். "'அரே பாய், மேரி பேட்டி ஜப்பான் ஜா ரஹி ஹை'ன்னு ஒரு போடு போட்டேன். மகள் ஜப்பான் போறான்னதும் அவ்வளவு பேரும் வழி விட்டுட்டான்!"

வாசலில் பக்கத்து வீட்டுப் பொன்னம்மா நின்றாள். "வரும்போது எனக்கு ஒரு நைலக்ஸ் சேலை கொண்டாந்திரு தாயி. பச்சையில."

பொன்னம்மா போகும்வரை கிரேசி பொறுத்தாள். பிறகு புத்தகங்களைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னாள். "அப்பா, நான் மாஸ்கோவுக்குத்தான் போகணும்."

அம்மா சூசைமேரி மீன் அலசிக்கொண்டிருந்தவள் கையை அப்படியே நிறுத்தினாள்.

"ஆறு வருஷமாளா?" என்றார் அப்பா.

"ஆமாப்பா."

"எங்களுக்கு ஒண்ணுன்னா நீ எப்படி வருவ?"

பதிலுக்குக் காத்திராமல் அவரே பேசினார். "எங்கய்யா செத்த தந்தி வந்த அன்னைக்குத்தான் கப்பல் கிளம்பிப் போயிருந்தது. அடுத்த கப்பலைப் பிடிச்சு நான் போய் இறங்குறேன், வீட்டுல முப்பதாம் நாள் பூசைக்கு ஆள் சொல்லிக்கிட்டு இருக்காவ. மூஞ்சியப் பார்க்கலை. மண்ணைத்தான் பார்த்தேன்."

துறைமுகம் இருக்கா என்று அவர் கேட்டது அவள் போவதற்காக அல்ல, திரும்பி வருவதற்காக என்பது கிரேசிக்கு அப்போதுதான் உறைத்தது. ஏரோப்ளேன் இருக்கிறது, ஒரே நாளில் வந்துவிடுவேன் என்று சொல்லியிருக்கலாம். நம்பியும் இருப்பார். பொய் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

"வர முடியாதுப்பா" என்றாள். "ஜப்பான்ல இருந்தாலும் முடியாது. மெட்ராஸ்ல இருந்தாலும் கப்பல் கிடைச்சாத்தான். அது தெரிஞ்சுதானே நீங்களும் ஊரை விட்டு இங்க வந்தீங்க?"

"அது பொழைக்க வந்தது."

"ஒரு வருஷத்துல மீனைக் கெடாம வைக்கச் சொல்லிக் குடுப்பாங்க. எனக்கு அது போதாதுப்பா. ஒரு வருஷம் சாளை குவியுது, மறு வருஷம் வலை காயுது. அது ஏன்னு எனக்குத் தெரியணும்."

"அதைக் கடல் இல்லாத ஊர்க்காரனா உனக்குச் சொல்லித் தரப்போறான்?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கடல்லயே கிடக்கிற நீரு இத்தனை வருஷத்துல சொன்னீரா? அவனாவது சொல்லட்டுமே!"

"நீ சும்மா இரி" என்று எழுந்து போனவர் சாப்பாட்டுக்குத்தான் வந்தார். சாப்பிட்டார். படுத்துவிட்டார். அவர் ஒரு வார்த்தை 'வேண்டாம்' என்று அழுத்திச் சொல்லியிருந்தால் ஜப்பான் என்று எழுதிக் கொடுத்திருப்பாள். அது அவளுக்குத் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவர் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் தலை பின்னிக்கொண்டிருக்கும்போது வந்து நின்றார்.

"அங்க மீனாவது கிடைக்குமாளா?"

"ஆத்து மீன் கிடைக்கும்ப்பா."

"ஆத்து மீனா!" அவர் முகம் கோணிப் போயிற்று. "சேத்து வாடை அடிக்குமே. ஆறு வருஷமும் அதையா திங்கப் போற?"

"முட்டைக்கோசு நிறையக் கிடைக்குமாம்."

"மாதாவே!" என்றார். உண்மையிலேயே வருத்தப்பட்டார். அந்த வருத்தத்தில் மற்றதெல்லாம் பின்னால் போய்விட்டதா, அல்லது மற்றதையெல்லாம் அதற்குள் போட்டு மூடிக்கொண்டாரா என்று கிரேசியால் கண்டுபிடிக்க முடியவில்லை. "ஏ சூசைமேரி, இவ போறதுக்குள்ள ரெண்டு மூட்டை கருவாடாவது போட்டு வைக்கணும்."

"கருவாடு இருக்கட்டும். மாஸ்கோவுக்கு டெல்லியிலயாம் இவளுக்கு இண்டர்வியூ. மெட்ராஸ் டிக்கெட்டைக் குடுத்துட்டுக் கல்கத்தா கப்பல்ல இடம் மாத்திட்டு வாரும்."

"நேத்து வழி விட்டவன் எவனாவது இன்னைக்கும் லைன்ல நின்னா நான் என்னட்டி சொல்லுவேன்?"

"ருஷ்யான்னு சொல்லும். இன்னும் கொஞ்சம் வழி விடுவான்."

கிருஷ்ணமூர்த்தி ஆபீஸ் திறக்குமுன் போய் நிற்க வேண்டும் என்று கிரேசி கல்லூரிக்குப் போகும் மேட்டில் ஏறினாள். திரும்பிப் பார்த்தபோது அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கப்பல் ஆபீஸ் பக்கம் போய்க்கொண்டிருந்தார். லைன் நீளமாக இருக்கும் என்று கையில் சோற்றுப் பொட்டலமும் கட்டி எடுத்திருந்தார்.