ஒரு சிரட்டைக் கடல்நீர்

என் பெயர் மதலேனம்மாள். குளச்சலுக்கு மேற்கே இரண்டு மைல் தள்ளியிருக்கிற எங்கள் கடற்கரையில் பிறந்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் முதலில் பார்த்த முகம் என்னுடையதுதான். நல்ல முகமில்லை, எனக்கே தெரியும். வாயும் நல்ல வாயில்லை. பிரசவ வலியில் கத்துகிறவளை நான் திட்டுகிற திட்டில் அவளுக்கு வலி மறந்துபோகும் என்று ஊரில் கேலி பேசுவார்கள். பேசட்டும். பேசுகிறவள் வீட்டிலும் வலி வந்தால் என்னைத்தான் கூப்பிட்டாக வேண்டும்.

பிள்ளை எடுப்பதோடு இன்னொரு வேலையும் எனக்கு உண்டு. பிறந்த பிள்ளை தங்காது என்று தெரிந்தால், பங்குக் குருவான சாமி வந்து சேருவதற்குள் நானே தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம். அதற்குரிய வார்த்தைகளைப் பங்குச் சாமி ஒன்பது நாள் என்னைப் பீடத்துக்கு முன்னால் நிறுத்திச் சொல்ல வைத்தார். ஞானஸ்நானம் இல்லாமல் செத்த பிள்ளைக்கு மோட்சம் இல்லை, சாமி மந்திரித்த கல்லறையில் இடமும் இல்லை. சுவருக்கு வெளியே தாழங்காட்டில் குழி தோண்டிப் போட்டுவிட்டு, கை மண்ணைத் தட்டிக்கொண்டு வர வேண்டியதுதான். என் தலைப்பிள்ளை அங்கேதான் கிடக்கிறது. அப்போது எனக்குப் பதினேழு வயது. வார்த்தை தெரியாது, தெரிந்தவர்களும் பக்கத்தில் இல்லை.

அதற்குப் பிறகு கற்றுக்கொண்டேன். பத்தொன்பது பிள்ளைகளுக்கு ஊற்றியிருக்கிறேன், ஒன்றிலும் பிசகியதில்லை. அந்தக் கர்வம் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. இருபதாவது பிள்ளையில் ஆண்டவர் அதைப் பிடுங்கி எறிந்தார்.

அது கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றாறு, பங்குனி மாதம். உயிர்ப்புத் திருநாளுக்கு முந்தின தபசு காலம். கோயிலில் சுரூபங்களையெல்லாம் ஊதாத் துணியால் மூடியிருந்தார்கள். ஊரில் வாந்திபேதி. காலையில் வலை பின்னிக்கொண்டிருந்தவனைச் சாயங்காலம் பாயில் சுருட்டிக் கொண்டுபோனார்கள். முதல் வாரம் அழுதோம். மூன்றாவது வாரம் அழுவதற்கும் தெம்பில்லை. ஊருக்கு இருந்த ஒரே கிணற்றில் மருந்துப் பொடியைக் கொட்டி, மேலே பலகை போட்டு மூடி, கையில் பிரம்போடு ஒரு போலீஸ்காரரை நிறுத்திவிட்டார்கள். பானைகளில் இருந்த பழைய தண்ணீரையும் கொட்டச் சொல்லிவிட்டார்கள். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று உள்நாட்டிலிருந்து மாட்டு வண்டியில் பீப்பாயில் தண்ணீர் வரும். இடையில் தாகம் எடுத்தால் இளநீர்தான். வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது.

இந்தக் கேட்டுக்கு நடுவில்தான் வியாகுலத்துக்கு வலி கண்டது. அவளுக்கு இருபத்திரண்டு வயது, ஏழாவது மாதம். அவள் புருஷன் சிலுவைதாசன் பதினோரு நாளைக்கு முன்னால் கட்டுமரத்தில் போனவன். வாந்திபேதி ஊர் என்று மீன் வாங்க யாரும் வருவதில்லை, வீட்டில் தின்னவாவது ஆகும் என்று போனான். கட்டுமரம் மட்டும் இரண்டு நாள் கழித்துப் பக்கத்து ஊர்க் கரையில் ஒதுங்கியது. அவன் ஒதுங்கவில்லை. அந்தத் துக்கத்தின் நடுவில் அவளுடைய தாயையும் வாந்திபேதி கொண்டுபோயிற்று. அன்றிலிருந்து வியாகுலம் கடலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவாள். அலைச் சத்தம் காதில் விழாமல் இருக்க வழி இருந்தால் அதையும் செய்திருப்பாள்.

நடு மத்தியானத்தில் பிள்ளை வெளியே வந்தது. ஆண். என் முழங்கை நீளம்கூட இல்லை. அழவில்லை. முதுகைத் தேய்த்தேன், வாயில் விரல் விட்டு வழித்தேன், ஊதினேன். பூனை முனகுவதுபோல ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான். உதடு நீலம் பாரித்திருந்தது.

“அக்கா, பிழைக்குமா?” என்றாள் வியாகுலம்.

நான் யாரிடமும் பொய் சொல்வதில்லை. “இல்ல மக்கா. பொழுது சாயுறது வரைக்கும் கிடந்தாலே பெரிய காரியம்.”

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

“அப்ப ஞானஸ்நானம் குடு. எனக்க மாப்பிளைக்கு ஒரு குழிகூட இல்ல அக்கா. பிள்ளைக்காவது கல்லறையில எடம் வேணும். மோட்சத்தில தகப்பனும் மகனும் காணட்டு. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.”

ஒரு மனுஷி கேட்பதற்கு இதைவிடக் குறைவாக என்ன இருக்கிறது? நான் எழுந்து தண்ணீரைத் தேடினேன். பானை கவிழ்ந்து கிடந்தது. பக்கத்து வீட்டில் ஆளே இல்லை, எல்லாரையும் கொண்டுபோயாகிவிட்டது. வண்டி வர இன்னும் மூன்று மணி நேரம் ஆகும். பிள்ளையின் நெஞ்சு ஏறி இறங்குவது நின்று நின்று நடந்தது. மூலையில் இரண்டு இளநீர் கிடந்தது. அரிவாளை எடுத்து ஒன்றைச் சீவினேன்.

“பேரு என்ன?”

“சூசை.”

தலையில் மூன்று தரம் ஊற்றினேன். பிதாவுடையவும் சுதனுடையவும் இஸ்பிரீத்து சாந்துவுடையவும் நாமத்தினாலே என்று ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னேன். வியாகுலம் பிள்ளையை வாங்கி, ஈரத் தலையில் முத்தமிட்டு, சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள். அந்த முகத்தில் கொஞ்சம் அமைதி வந்திருந்தது. அதைப் பார்க்க எனக்கும் நெஞ்சு நிறைந்தது.

அந்த நேரம் பார்த்து எஸ்தாக்கி உபதேசியார் வாசலில் வந்து நின்றார். ஜெபம் சொல்லிக்கொடுப்பது, யார் கிடப்பில் இருக்கிறார்கள் என்று விசாரித்துச் சாமியிடம் சொல்வது அவர் வேலை. சாமி அன்று பக்கத்து ஊரில் சாகக் கிடக்கிறவர்களுக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுக்கப் போயிருந்தார், அங்கே ஏழு பேர் கிடந்தார்கள். உபதேசியார் மெலிந்த மனுஷர், மூக்கில் எப்போதும் பொடி. எனக்கும் அவருக்கும் ஒத்துக்கொண்டதே இல்லை.

“ஞானஸ்நானம் ஆச்சா?” என்றார்.

“ஆச்சு. சூசைன்னு பேரு.”

“எந்த வெள்ளத்தில ஊத்தின?” எங்கள் பக்கம் தண்ணீரை வெள்ளம் என்றுதான் சொல்வோம். இது அவர் எல்லாரிடமும் கேட்கிற கேள்வி, சாமி சொல்லிக்கொடுத்தது.

“கருக்கு சீவி ஊத்தினேன்.”

அவர் பொடி மட்டையை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “இளநீயா? அது செல்லாது மதலேன்.”

“என்னத்துக்குச் செல்லாது? அதையும் ஆண்டவர்தானே படைச்சாரு?”

“கள்ளையும் அவர்தான் படைச்சாரு. கள்ளை ஊத்துவியா? கிணறு, குளம், ஆறு, மழை, அந்த வெள்ளம்தான் செல்லும். காயில இருந்து வாரது செல்லாது. சாமி உனக்குச் சொல்லித் தரலியா?”

சொல்லித் தந்திருந்தார். பாலில் கூடாது, பழச்சாற்றில் கூடாது என்று சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. காலைமுதல் இளநீரையே குடித்து, சாகிறவர்கள் வாயில் இளநீரையே ஊற்றி, கைக்கு அதுதான் வந்தது. பாவி நான். பத்தொன்பது பிள்ளைக்கு ஊற்றியவள், இருபதாவதுக்குத் தேங்காயைச் சீவினேன்.

“ஓய் உபதேசியாரே, மெதுவாப் பேசும்” என்றேன். ஆனால் வியாகுலம் கேட்டுவிட்டாள். கண் திறந்திருந்தது.

“அப்ப எனக்க பிள்ளைக்கு ஆகலியா?”

பிள்ளை மறுபடி முனகியது. உபதேசியார் கவிழ்ந்த பானையைப் பார்த்தார், பிறகு வெளியே பார்த்தார்.

“கடல் வெள்ளம் செல்லும்” என்றார் தாழ்ந்த குரலில்.

தலையில் அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது எனக்கு. வாசலிலிருந்து இருபது எட்டு வைத்தால் கடல். வீட்டுக்குள் தண்ணீருக்கு அலைந்தவள் அதைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. நாங்கள் கடலில் பிழைக்கிறவர்கள், ஆனால் அதில் சோறு வேகாது, அதை வாயில் வைக்க முடியாது. குடம் நிறையாத அன்று, கடலைப் பார்த்துக்கொண்டே தண்ணீர் இல்லை என்று சண்டை போடுகிற ஊர் எங்களுடையது. வெளியூர்க்காரி ஒருத்தி அங்கே நின்றிருந்தால் முதலில் கடலுக்குத்தான் ஓடியிருப்பாள்.

ஒரு தேங்காய்ச் சிரட்டையை எடுத்துக்கொண்டு ஓடினேன். இந்த உடம்பை வைத்துக்கொண்டு அப்படி ஓடியது அதற்கு முன்னுமில்லை, பின்னுமில்லை. முழங்கால் வரை நனைந்து, சிரட்டையில் மொண்டு, சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

வியாகுலம் பிள்ளையின் தலையை இரண்டு கையாலும் மூடியிருந்தாள்.

“அந்த வெள்ளம் எனக்க பிள்ள மேல படப்பிடாது.”

“ஏட்டி, கையை எடு.”

“அவரைத் தின்ன கடலு அக்கா அது. இவன் தலையில அதை ஊத்த நான் விடமாட்டேன். வண்டி வரட்டு.”

“வண்டி வாரது வரைக்கும் இவன் இருக்க மாட்டான்! தாழங்காட்டில கிடக்கணுமா உனக்க பிள்ள? எனக்கது கிடக்கு அங்க. முப்பத்து நாலு வருஷம் ஆச்சு. அந்தப் பக்கமா நடக்க எனக்குக் காலு வராது. உனக்கும் அது வேணுமா?”

நான் கத்தினேன். ஈன்று ஒரு நாழிகை ஆகாத பெண்ணிடம் கத்தினேன். வெட்கம்தான், ஆனால் எனக்கு வேறு பேச்சு வராது. உள்ளுக்குள் நான் கத்தியது ஆண்டவரிடம். புருஷனை எடுத்தீர், தாயை எடுத்தீர், பிள்ளையையும் எடுக்கப் போகிறீர், ஒரு செம்பு நல்ல தண்ணீர் கொடுக்கக்கூடவா உமக்கு மனசில்லை என்று கேட்டேன். உபதேசியார் முழங்காலில் இருந்தார். அவர் கன்னமும் நனைந்திருந்தது.

வியாகுலம் என் கையில் இருந்த சிரட்டையைப் பார்த்தாள்.

“அக்கா,” என்றாள். “அவரு கிடக்குத வெள்ளம்தானே இது?”

நான் திரும்பிப் பார்த்தேன். உபதேசியார்தான் சொன்னார். “ஆமா மோளே. அதேதான்.”

“அவரு இவனைத் தொடவே இல்ல. வயித்தில கை வச்சுப் பாத்ததோட சரி.” தலையிலிருந்து கையை எடுத்தாள். “ஊத்து. தகப்பன் தொட்டதா இருக்கட்டு.”

ஊற்றினேன். மூன்று தரமும் தண்ணீர் பிள்ளையின் நெற்றியில் விழுந்து அவள் மடியில் ஓடியது. உப்புப் பட்டதும் அவன் முகத்தைச் சுளித்தான், வாயைத் திறந்து ஒரு தரம் நன்றாக அழுதான். பிறந்ததிலிருந்து அவன் அழுத ஒரே அழுகை. ஆமென் என்று நாங்கள் மூன்று பேரும் சொன்னோம். அப்போது எனக்குள் வந்தது சந்தோஷம்தான், வேறு பெயர் அதற்கு எனக்குத் தெரியாது. ஊர் முழுக்கச் சாவு கிடக்கும்போது இப்படி ஒரு சந்தோஷம் வரலாமா என்று எனக்கே பயமாக இருந்தது.

கடல் தண்ணீரில் தகப்பன் கை இருக்கும் என்று வேதத்தில் எங்கேயும் சொல்லியிருக்காது. உபதேசியார் எதற்கெடுத்தாலும் திருத்துகிறவர். அன்று அவர் திருத்தவில்லை.

விளக்கு வைப்பதற்குக் கொஞ்சம் முன்னால் சூசை போய்விட்டான். தாயின் மார்பில் கிடந்தபடியே போனான்.

மறுநாள் காலையில் சாமி வந்தார். மூன்று வாரமாகக் கோயில் மணி அடிப்பதில்லை. சாவு மணியைக் கேட்டுக் கேட்டுக் கிடப்பில் இருந்தவர்கள் நடுங்கினார்கள் என்று அவர்தான் நிறுத்தியிருந்தார். செத்தவர்கள் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தார்கள். ஆனால் ஞானஸ்நானம் வாங்கிய கைக்குழந்தைக்குத் துக்கம் கிடையாது. அது பாவம் அறியாதது, நேரே மோட்சத்துக்குப் போகிற சம்மனசு, வானதூதர். அதன் அடக்கத்துக்குச் சாமி வெள்ளை உடுப்புப் போட வேண்டும், திருநாளுக்கு அடிப்பதுபோல மணி அடிக்க வேண்டும். தபசு காலமானாலும் அதுதான் முறை.

சாமி ஊதா உடுப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெள்ளையை எடுத்தார். உபதேசியாரே கயிற்றைப் பிடித்தார். பிள்ளை பெற்றவள் கல்லறைக்குப் போகக்கூடாது என்பதால் நான் வியாகுலத்துக்குத் துணையாக வீட்டில் இருந்தேன். கைக்குட்டையளவு வெள்ளைத் துணியில் சுற்றி, தலையில் செம்பருத்திப் பூ வைத்து, ஒற்றை ஆளாக ஒருவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார்.

மணி எழுந்தது. பெரிய மணியும் சின்ன மணியும் சேர்ந்து, மாதா திருநாளுக்கு அடிக்கிற அடி. சாத்திக் கிடந்த கதவுகள் திறந்தன. என்ன ஏது என்று தெரியாமல் ஜனங்கள் வெளியே வந்தார்கள். எதிர்வீட்டுக்காரி, முந்தின நாள் இரண்டு பேரைச் சாவுக்குக் கொடுத்தவள், “இந்த ஊரில இப்ப யாருக்குக் கொண்டாட்டம்?” என்று கத்தினாள். சம்மனசு அடக்கம் என்று யாரோ சொன்னார்கள். அவள் அந்த மண்ணிலேயே முழங்காலில் விழுந்தாள்.

அதற்குப் பிறகும் எங்கள் ஊரில் பதினாறு பேர் செத்தார்கள். மணி ஒரு சாவையும் நிறுத்தவில்லை.

வியாகுலம் வாசல்படியில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இது எனக்க பிள்ளைக்குத்தானே அக்கா அடிக்குது?”

“உனக்க பிள்ளைக்குத்தாண்டி.”

“சாவு மணி இல்லியே?”

“இல்ல. திருநாள் மணி.”

அவள் சிரித்தாள். பல் தெரியச் சிரித்தாள், அந்த முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. மணி அடித்து முடியும்வரை அப்படியே சிரித்துக்கொண்டு நின்றாள். மணி நின்றதும் அழத் தொடங்கினாள்.